அம்மா விழாத படம்

என் அம்மாவின் அக்கா கன்னியாஸ்திரி. அம்மாவுக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்பே மடத்தில் சேர்ந்து பீகார் பக்கம் போய்விட்டவர். நாங்கள் அவரை ‘சிஸ்டர் பெரியம்மா’ என்போம். நேரில் பார்த்ததில்லை, இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வரும் கடிதம்தான் எங்களுக்குப் பெரியம்மா. நான் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்குவதற்காக ஞானோபதேச வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்த வருஷம், அவர் ஒரு கடிதத்தில் அம்மாவிடம் ஒன்றே ஒன்று கேட்டிருந்தார். இன்னும் ஒன்றரை மாதத்தில் தன்னை ஆப்பிரிக்காவுக்கு அனுப்பப் போகிறார்கள், திரும்பி எப்போது வருவேனோ தெரியாது, அதற்குள் நீ குடித்தனம் பண்ணுகிற வீட்டையும் வீட்டுக்குள் உன்னையும் ஒரே படத்தில் பார்த்துவிட வேண்டும் என்று. நாங்கள் அனுப்பியிருந்த கல்யாணப் படத்தில் தலையில் போட்ட நெட்டும் கையிலிருந்த பூச்செண்டும்தான் தெரிகிறதாம், முகம் சரியாகத் தெரியவில்லையாம். அம்மா அந்தக் கடிதத்தை அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நான்கைந்து நாள் எடுத்து எடுத்துப் படித்தாள்.

எங்கள் வீட்டில் படத்துக்குக் குறைவே இருந்திருக்கக் கூடாது. அப்பாவின் அண்ணன், எங்களோடேயே இருந்த பெரியப்பா, விழுப்புரத்தில் ஸ்டேஷனுக்குப் பக்கத்து ஸ்டூடியோ ஒன்றில் வேலை பார்த்தார். திண்டிவனத்திலிருந்து தினமும் ரயிலில் போய் ஊரார் முகங்களையெல்லாம் எடுத்துவிட்டு வருவார். வீட்டில் கேமராவைத் தொடமாட்டார். பரோட்டா மாஸ்டர் வீட்டுக்கு வந்தும் மாவு வீசுவானா என்பது அவருடைய கேள்வி. கல்யாணம் செய்துகொள்ளாத மனிதர் என்பதால் அவருடைய பிடிவாதங்களை உடைக்க வீட்டில் ஆள் இல்லை.

ஆனால் அந்தச் சமயத்தில் அவருக்கு ஒரு கிறுக்குப் பிடித்திருந்தது. பழைய பேப்பர் கடையிலிருந்து அட்டை இல்லாத இங்கிலீஷ் புத்தகம் ஒன்றை எடுத்து வந்திருந்தார். நூறு வருஷத்துக்கும் முன்னால் இங்கிலாந்துப் பிரபுக்களின் கிராமத்து மாளிகைகளை உள்ளே போய் எடுத்த படங்கள். பக்கத்துக்குப் பக்கம் கூடம், நாற்காலி, விரிப்பு, கணப்பு, சுவரில் கொம்போடு மான் தலை. ஒரு படத்திலும் ஆள் கிடையாது. இந்த வீடுகளில் யாருமே இல்லையா என்று நான் கேட்டேன்.

“இருந்திருப்பாங்க. அப்பல்லாம் ஃபிளாஷ் ஏது? பொட்டியத் தொறந்து வெச்சிட்டு அரை மணி, முக்கா மணி உக்காந்துகினு இருப்பான் வெள்ளக்காரன். நடமாடிக்கினு இருக்கறவங்க அதுல விழ மாட்டாங்க” என்றார்.

ஸ்டூடியோவில் மூலையில் கிடந்த மரப்பெட்டி கேமராவையும், பழைய இருப்பில் மிஞ்சியிருந்த ஒரே ஒரு ஃபிலிம் தகட்டையும் முதலாளியிடம் கேட்டு வாங்கிவந்து, நம் வீட்டு உட்புறத்தையும் அதே மாதிரி ஃபிளாஷ் இல்லாமல் எடுக்கப் போவதாக அறிவித்தார். கடிதம் வந்த நேரமும் கிறுக்குப் பிடித்த நேரமும் பொருந்திப் போனதில் அம்மாவுக்கு ஒரே சந்தோஷம்.

பெரியப்பாவுக்கு லீவு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். எல்லாக் கிறிஸ்தவ வீடுகளையும் போல எங்கள் வீட்டிலும் அம்மா வாரத்திலேயே அதிகமாக வேலை செய்யும் நாள் அது. பூசை முடிந்து வந்து, கறி வாங்கி, மசாலா அரைத்து, குழம்பு வைத்து, வருகிறவர் போகிறவருக்குக் காப்பி கொடுத்து முடிய மதியம் இரண்டாகும். இது ஆண்கள் இரண்டு பேருக்கும் தெரியாத விஷயமல்ல. அவர்களுக்கு அது தோன்றவில்லை, அவ்வளவுதான்.

காலையிலேயே பெரியப்பா கூடத்தைப் பிரபு வீடாக்க ஆரம்பித்தார். தையல் மெஷின், பித்தளைக் குடம், முற்றத்துக் குரோட்டன்ஸ் தொட்டி எல்லாம் உள்ளே வந்தன. மான் தலைக்கு வழியில்லாததால் இயேசுவின் திருஇருதயப் படத்தையே நன்றாகத் துடைத்து நிமிர்த்தினார். அப்பா சாய்வு நாற்காலியில் பேப்பரோடு. அவருக்குப் பக்கத்தில் பிரம்பு நாற்காலி, அது அம்மாவுக்கு. அம்மா பச்சைப் பட்டுச் சேலை கட்டிக்கொண்டாள். மடத்துக்குப் போகும்போது பெரியம்மா கழற்றிக் கொடுத்துவிட்டுப் போன சேலை அது. அதைக் கட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் அவள் நின்ற மாதிரி நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அவ்வளவு அழகாக இருந்தாள்.

எனக்கு ஒரே வேலை. கேமராவுக்குப் பின்னால், சமையலறை வாசற்படியில் அலாரம் கடிகாரத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து, ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை நேரம் சொல்ல வேண்டும். மொத்தம் நாற்பது நிமிஷம்.

“நடுவுல எழுந்திருக்க வேண்டி வந்தா என்னாங்க மாமா பண்றது?” என்று அம்மா கேட்டாள். அடுப்பில் கறி ஏறியிருந்தது.

“போய்ட்டு ஜல்தியா வந்து அதே எடத்துல உக்காந்துக்கோம்மா. கொஞ்சம் கொஞ்சமா சேர்ந்துக்கும்” என்றார் பெரியப்பா. சீட்டுப் பணம் மாதாமாதம் சேர்வது போலப் படத்திலும் ஆள் சேர்ந்துகொள்ளும் என்று அவர் உண்மையாகவே நம்பினார்.

மூடியைக் கழற்றினார். கூடம் அப்படியே உறைந்துபோனது. இரண்டாவது நிமிஷம் குக்கர் கத்தியது. மூன்றாவது விசிலுக்கு அம்மா எழுந்து போய் குக்கரை இறக்கி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். உடனே கொல்லைப் பக்கம் கோயில் உபதேசியார் வந்து, இந்த வாரச் செபக் கூட்டம் யார் வீட்டில் என்று கேட்டார். கேட்டவர் போகவில்லை, தன் முழங்கால் வலியைப் பற்றியும் சொன்னார். அம்மா திரும்பி வந்து உட்கார்ந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டிருக்கும்போது, அப்பா உதட்டை அசைக்காமல் “காப்பி” என்றார். அம்மா போட்டுக் கொண்டுவந்தாள். அசையக் கூடாது என்பதால் அப்பாவால் அதைக் குடிக்க முடியவில்லை. டம்ளரை ஸ்டூலில் வைக்கச் சொல்லிக் கண்ணால் காட்டினார். பிறகு பேப்பரைப் பிடித்தபடியே தூங்கிப்போனார்.

இருபத்தைந்து என்று நான் சொன்னபோது கறிக்குழம்பிலிருந்து ஒரு வாசனை வந்தது. எனக்கு இரண்டடி பின்னால்தான் அடுப்பு.

“அம்மா, அடி புடிக்குது” என்றேன், உட்கார்ந்தபடியே.

அம்மா ஓடினாள். கிளறி, வேறு பாத்திரத்துக்கு மாற்றி, தேங்காய் அரைத்து ஊற்றி, உப்புப் பார்த்து வருவதற்குள் நான் நாற்பது சொல்லியாயிற்று. பெரியப்பா மூடியைப் போட்டார். அம்மா வேர்த்த முகத்தோடு நாற்காலிக்கு வந்தபோது முடிஞ்சிடுச்சாங்க என்று கேட்டாள்.

பத்து நாள் கழித்து ஒரு சாயங்காலம் பெரியப்பா ரயிலிலிருந்து இறங்கி வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே என்னைப் பார்த்து, “அம்மா விழல கண்ணு” என்றார். நான் பயந்துபோய் உள்ளே ஓடினேன். அம்மா விழாமல் நின்றுகொண்டு கேப்பை மாவு சலித்துக்கொண்டிருந்தாள். அப்புறம்தான் படத்தில் விழவில்லை என்று புரிந்தது.

அந்த மாதிரி ஒரு சுத்தமான படத்தை நான் பிறகும் பார்த்ததில்லை. தையல் மெஷினின் எழுத்துகளைக்கூடப் படிக்கலாம். அப்பா ஒவ்வொரு மயிரும் தெரிகிற மாதிரி தூங்குகிறார். ஸ்டூலில் காப்பி டம்ளர் பளிச்சென்று இருக்கிறது. பிரம்பு நாற்காலியில் மட்டும் ஈரக்கை பட்ட மாதிரி ஒரு மங்கல். அதன் வழியாக நாற்காலியின் பின்னல் தெரிகிறது. எவ்வளவு நேரம் உட்கார்ந்தாய் என்று பெரியப்பா அம்மாவைக் கேட்டார். கடிகாரக்காரி என்ற முறையில் நான்தான் பதில் சொன்னேன். ஆறு நிமிஷம் இருக்கலாம் என்றேன்.

அப்பா சிரித்தார். அடுத்த ஞாயிறு ஸ்டூடியோவுக்கே போய் எடுத்துக்கலாம், இதுக்கெல்லாம் பேஜாரா என்றார். தபால் பீகாருக்குப் போய்ச் சேரவே பத்து நாளுக்கு மேலாகும். பெரியம்மா கிளம்ப இருந்ததோ இரண்டு வாரத்தில். அம்மா யாரோடும் சண்டை போடவில்லை. படத்தின் பின்பக்கத்தில், பிரம்பு நாற்காலியில் இருப்பது நான் என்று எழுதி, மறுநாளே தபாலில் சேர்த்தாள். அன்றைக்கு ராத்திரி அவள் சாப்பிடவில்லை என்று எனக்கு ஞாபகம். வயிறு சரியில்லை என்று அவள் சொன்னதை நான் நம்பினேன்.

பதில், பெரியம்மா ஆப்பிரிக்கா போய்ச் சேர்ந்த பிறகு, புதுமாதிரி ஸ்டாம்போடு வந்தது. அம்மா வாசிக்க ஆரம்பித்தாள். வீடு லட்சணமாக இருக்கிறது, மாப்பிள்ளை கொஞ்சம் பூசினாற்போல் ஆகிவிட்டார் என்பதையெல்லாம் சத்தமாகப் படித்தாள். அதற்கு அடுத்த வரியில் குரல் இறங்கிவிட்டது. நான் பக்கத்தில் போய் எட்டிப் பார்த்தேன். “உன்னையும் கண் நிறையப் பார்த்துவிட்டேன். கொஞ்ச நேரம் உட்காரக்கூட மாட்டாயா, தங்கச்சி?” என்று எழுதியிருந்தது.

எனக்கு அதிர்ச்சியாகிவிட்டது. பொய் சொல்லக் கூடாது என்ற எட்டாம் கட்டளையை அப்போதுதான் மனப்பாடம் செய்து முடித்திருந்தேன். படத்தில் இல்லாத ஆளை எப்படிப் பார்க்க முடியும், சிஸ்டர் ஒருத்தர் பொய் சொல்லலாமா என்று அம்மாவைக் கேட்டேன்.

அம்மா அழுதுகொண்டே சிரித்தாள். “பொய் இல்லடி. அவ என்னப் பாத்துட்டா” என்றாள்.

அம்மாவும் பொய் சொல்கிறாள் என்று முடிவுகட்டினேன். இரண்டு பேருடைய ஆன்மாவையும் நினைத்து எனக்கு உண்மையிலேயே கவலையாக இருந்தது. அந்தச் சனிக்கிழமை, கோயில் சாமியாரிடம் நம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனம் எனக்கு முதல் தடவை. என் பங்குக்குச் சொல்ல நான் செய்த பாவம் எதுவும் ஞாபகத்துக்கு வராததால், சாமியாரிடம் அம்மாவின் பாவத்தையும் பெரியம்மாவின் பாவத்தையும் சொல்லிவிட்டு, நிம்மதியாக வீட்டுக்கு வந்தேன்.