பால் நிறத்துச் சீரமும் மாமியின் சாவியும்

மந்தைவெளி லேபில் இருபத்தாறு வருஷம் ரத்தம் எடுத்திருக்கிறேன். ஊசி குத்தினால் வலிக்காது, வாய் திறந்தால் வலிக்கும் என்று எனக்குப் பெயர். அந்த வாயால் ஒரு தடவை நன்றாக மாட்டிக்கொண்டேன்.

முதல் குழாய்

ரிட்டயர்ட் ஆடிட்டர் மாமா ஒருவர், வெறும் வயிற்றில் கொடுக்க வேண்டிய லிப்பிட் ப்ரொஃபைல் என்ற கொழுப்பு டெஸ்டுக்கு வந்தார். ரத்தத்தை சென்ட்ரிஃப்யூஜில் சுற்றி எடுத்தால், மேலே இளமஞ்சளாகத் தெளிந்து நிற்க வேண்டிய சீரம் ஆவின் பால் மாதிரி வெள்ளையாக இருந்தது. கொழுப்பு!

"மாமா, காலைல இன்னா சாப்ட்டீங்க?"

"இன்னிக்கு ஏகாதசிம்மா. சாதத்தைத் தொடவே இல்லை."

"வேற?"

"ரவா உப்புமா, கொஞ்சம் நெய் விட்டுண்டு. ரெண்டு வாழைப்பழம். ஒரு டம்ளர் பால். அதெல்லாம் பலகாரம்தானே?"

பலகாரம் பகவானுக்கு ஓகே, மெஷினுக்கு ஆகாது என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன்.

இரண்டாம் குழாய்

மறுநாள் மாமியையும் சாட்சிக்குக் கூட்டி வந்தார். "ராத்திரி எட்டு மணிக்கே ஃபிரிட்ஜைப் பூட்டிட்டேன். சாவி என் இடுப்புல" என்றாள் மாமி. குழாயைச் சுற்றினேன். மறுபடியும் பால்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஹாலுக்கே போய், பத்துப் பேர் முன்னால், "மாமா, பொய் சொல்லாதீங்க. இன்னா தின்னீங்க?" என்றேன்.

"சத்தியமா தண்ணிதாம்மா குடிச்சேன்!"

மாமி விடவில்லை. "முறுக்கு டப்பா எங்கே இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமோன்னோ?"

மாமாவின் கண் கலங்கிவிட்டது. நாளைக்கு வாங்க என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் எங்கள் டாக்டரம்மா குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"சுகர் பாத்தியா?"

"கேக்கல டாக்டர். லிப்பிட் மட்டும்தான் எழுதியிருக்கு."

"மீதி சீரத்துல உடனே ஓட்டு."

ஓட்டினேன். வெறும் வயிற்றுச் சர்க்கரை நானூறைத் தாண்டி நின்றது. ரிசல்ட்டை டாக்டரம்மாவிடம் நீட்டினேன்.

"மாமா, சுகர் மாத்திரை போடறீங்களா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"மூணு மாசமா இல்லை. ஸ்வீட்டே நிறுத்தியாச்சு, காபிக்குக்கூட சர்க்கரை இல்லை. அப்புறம் மாத்திரை எதுக்கு?"

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். "இன்சுலின் சரியா வேலை செய்யலன்னா சர்க்கரை மட்டும் தேங்காது மாமா. ரத்தத்துல இருக்கற கொழுப்பை எடுத்து ஒதுக்கறதும் நின்னுபோகும். லிவர் வேற மேல மேல கொழுப்பு பண்ணி அனுப்பும். பட்டினி கிடந்தாலும் சீரம் வெள்ளையாத்தான் இருக்கும். கொழுப்பு இவ்வளவு ஏறினா கணையம் வீங்கி உயிருக்கே ஆபத்து. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போங்க."

நான் இரண்டாம் தடவையும் திருப்பி அனுப்பியிருந்தால்?

மூன்றாம் குழாய்

ஆறு வாரம் இன்சுலின் போட்டுக்கொண்டு மாமா வந்தார். சீரம் இளமஞ்சளாகத் தெளிந்திருந்தது. குழாயை வாங்கி மாமியின் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"பாத்துக்கோ! நான் திருடித் திங்கலை." பிறகு என்னைப் பார்த்தார். "அன்னிக்குச் சொன்ன அதே சத்தத்துல சொல்லும்மா."

ஹால் நடுவில் நின்று, "மாமா பொய் சொல்லல. தப்பு என்னுதுதான்" என்று கத்தினேன். வெட்கமாக இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது.

அன்றிலிருந்து சீரம் வெள்ளையாக இருந்தால் உப்புமாவைப் பற்றி மட்டும் கேட்டு நிறுத்துவதில்லை. மாத்திரையைக் கேட்கிறேன், சுகரையும் பார்க்கச் சொல்கிறேன். மாமாவின் பேர் சுத்தமாகிவிட்டது. ஃபிரிட்ஜ் சாவியை மட்டும் மாமி இன்னும் இடுப்பிலிருந்து எடுக்கவில்லை.