கேசட்டில் இல்லாத பாடகி

வளைகுடா நகரொன்றின் ரோலா பகுதியில், எங்கள் கட்டடத்துக்கு இரண்டு தெரு தள்ளி, மகன் வீட்டில் இருந்தார் அந்த அம்மா. எண்பதுகளின் தொடக்கத்தில் சென்னையில் பங்க் ராக் பாடியவர். தண்ணீர் லாரியையும் வரதட்சணையையும் பற்றி, தமிழில், தொண்டை கிழியக் கத்திப் பாடிய பெண். ஒரு கல்யாண வரவேற்பில் மேடையேறி, இரண்டாவது பாட்டிலேயே இறக்கிவிடப்பட்டாராம். எந்தப் பத்திரிகையும் அவரைப் பற்றி ஒரு வரி எழுதியதில்லை. பழைய ராக் குழுக்களின் விவரங்களை ஆண்டுவாரியாகச் சேர்த்துவரும் என்னிடமும் ஒரு சான்று இல்லை.

தொண்டையில் புற்றுநோய். அடுத்த வாரம் குரல்வளையையே எடுத்துவிடப் போகிறார்கள்.

"பெத்த பையனே கேட்டதில்ல சார்," என்றார் கரகரத்த குரலில். "'கோரஸ்ல நின்னியாம்மா'ங்கறான். செத்தா செத்துட்டுப் போறேன். பாடினேன்னு ஒரு அத்தாட்சிகூட இல்லாம ஊமையாகணுமா?"

ஒரே ஒருமுறை, நண்பர் வீட்டுக் கார் ஷெட்டில், இரண்டு பாட்டுகளை கேசட்டில் பதிவுசெய்திருந்தார்கள். அடுத்த வாரமே டிரம்மர் அந்த கேசட்டுடன் ஓமனுக்கு விமானமேறிவிட்டார். இன்றும் சோஹாரில் ஸ்டோர்கீப்பராக இருக்கிறார். விடுமுறை நாளில் எல்லை தாண்டி அவருடைய ரூமுக்குப் போனேன். பழைய பாஸ்போர்ட்டில் அவருடைய முதல் விசா முத்திரையைப் பார்த்ததும் பதிவான ஆண்டு உறுதியாகிவிட்டது. பாதி வேலை முடிந்ததென்று நினைத்துக்கொண்டேன்.

கேசட்டை டேப் ரெக்கார்டரில் போட்டார். ஒரு பெண் பேசினாள்.

"ஏங்க, மோட்டார் மறுபடியும் ரிப்பேர். உங்கம்மா எங்கூட பேசறதில்ல. நீங்க கொடுத்தனுப்பின சென்ட்ல வாசனையே இல்ல, யார் கிட்ட ஏமாந்தீங்க?"

"என் வீட்டுக்காரி," என்றார் டிரம்மர், என்னைப் பார்க்காமல்.

எனக்குப் புரிந்துவிட்டது. ஃபோன் எட்டாத அந்த நாட்களில் வளைகுடாக்காரர்கள் கேசட்டில் பேசி, ஊருக்குப் போகிறவர் கையில் கொடுத்தனுப்புவார்கள். மனைவி அதன்மேலேயே பதிலைப் பதிந்து திருப்பி அனுப்புவாள். பாட்டு அழியாமலிருக்க கேசட்டின் முதுகில் உடைத்துவிட்டிருந்த துளைகளின்மேல், மறுபடி பதிவதற்காக, செலோடேப் ஒட்டியிருந்தது.

"ரூம்ல வேற கேசட் கிடையாது சார். முதல் மாசம். பைத்தியம் புடிச்ச மாதிரி இருந்துச்சு. யார்கிட்டயாவது பேசணும்."

மறுபக்கத்தையும் போட்டோம். அதிலும் மனைவிதான். அவள் பேச்சு முடிந்த இடத்துக்குப் பின் டிரம்மும் கிட்டாரும் சட்டென்று பாய்ந்தன. ஒரு பெண்குரலின் கடைசி அசை. பிறகு வெறும் இரைச்சல். நான் அதை மூன்றுமுறை ஓடவிட்டேன். என்ன வார்த்தையின் அசை என்றுகூடத் தெரியவில்லை.

அந்தத் துண்டை மொபைலில் பிடித்து வந்து அந்த அம்மாவிடம் கொடுத்தேன். காதோடு அழுத்திக் கேட்டார்.

"இது நான்தான்னு யார் நம்புவா?"

மொபைலை என் கையில் திருப்பிக் கொடுத்தார்.

"உங்க கார் கீழ நிக்குதா? இப்பவே பாடறேன். வாங்க."

"டாக்டர் பேசவே கூடாதுன்னாரே அம்மா."

"எடுத்துக் குப்பையில போடப்போற தொண்டைக்கு என்ன பத்தியம்?"

அந்த வீட்டில் சுவருக்குச் சுவர் ஆள். காரைவிட்டால் வேறு இடமில்லை. இரைச்சல் விழக்கூடாதென்று ஏசியை அணைத்தேன். ஜூலை மாதம், சீட்டைத் தொட முடியவில்லை. மொபைலை அவர் வாயருகே பிடித்தேன். கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தார்.

முதல் வரி வந்தது. கிழிசலாக, ஆனால் வந்தது. அதற்குள் மகன் தேடிக்கொண்டு ஓடிவந்து கண்ணாடியைத் தட்டினார். "அம்மா! என்ன பண்றே? கதவைத் திற!" அந்த அம்மா கதவின் பூட்டை அழுத்திவிட்டு, மகன் முகத்தைப் பார்த்தே இரண்டாவது வரியைக் கத்தினார். மகன் தட்டுவதை நிறுத்தினார்.

மூன்றாவது வரியில் குரல் அற்றுப்போயிற்று. வாய் மட்டும் பாடிக்கொண்டிருந்தது, கழுத்து நரம்புகள் புடைக்க. பதிவை நிறுத்தப் போனேன். நிறுத்தவிடாமல் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.