நோர்பரியிலிருந்து கடலுக்கு: இழுத்துச் செல்லும் காரின் விளக்குக் கோளாறு

சென்ற ஜூன் மாதம், என் மனைவி வசந்தியின் ஆட்டைத் திவசத்துக்காக, அதாவது முதலாம் ஆண்டு நினைவுநாளுக்காக, நானும் மகள் அபியும் லண்டன் நோர்பரியில் இருந்து வேல்ஸின் மேற்குக் கரைக்குப் போனோம். ஒருவழித் தூரம் 255 மைல். காலை ஏழு மணிக்குக் கிளம்புவதாகத் திட்டம். வீட்டு வாசலை விட்டு நகர்ந்தபோது மதியம் ஒன்றரை. இந்தப் பதிவில் பெரும்பகுதி அந்த வாசலில் கழிந்த பொழுதைப் பற்றியதுதான். கடற்கரைப் படங்களைத் தேடி வந்தவர்கள் மன்னிக்க வேண்டும்.

ஏன் அந்தக் கரை என்று சொல்லிவிடுகிறேன். மூன்று வருடங்களுக்கு முன் வசந்தியும் நானும், படுக்கையும் அடுப்பும் உள்ள எங்கள் மோட்டார்ஹோமில் அங்கே போயிருந்தோம். கடலுக்கு இறங்கும் பாதை ஒரு கார் மட்டுமே போகக்கூடிய அகலம். எங்கள் வண்டியோ ஏழு மீட்டர் நீளம். மேட்டில் நின்று கடலைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். "சின்னக் கார் ஒண்டைப் பின்னால கொளுவிக்கொண்டு வந்திருந்தா இறங்கியிருக்கலாம்" என்றாள். அவள் எதையும் இரண்டாம் தரம் கேட்கிறவள் அல்ல. அடுத்த வருடமே ஒரு பழைய சின்னக் கார் வாங்கி, நான்கு சக்கரமும் தரையில் உருள அதை இழுத்துப் போவதற்கு இரும்புச் சட்டமும் விளக்கு வயரும் பொருத்தினேன். கராஜில் விளக்குகளைச் சோதித்த கையோடு மனோர் பார்க்கில் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசையும் செய்வித்தோம்.

அதே மாதம்தான் அவளுக்கு நோய் என்று தெரிந்தது. அந்தக் காரில் நாங்கள் ஆஸ்பத்திரிக்கு மட்டுமே போய் வந்தோம். மோட்டார்ஹோமுக்குப் பின்னால் கொளுவ ஒருநாளும் வாய்க்கவில்லை.

முப்பத்தோராம் நாள் கிரியையான அந்தியேட்டியில் அஸ்தியைக் கரைத்தபோது அபி ஒரு சிறு பங்கை எடுத்து வைத்துக்கொண்டாள். அதை அந்தக் கரையில், திவசத்தன்று காலையில் கரைப்பது என்று முடிவு செய்தோம். நாங்கள் கிளம்பிய நாளுக்கு மறுநாள் திவசம். இரண்டு வண்டிகளையும் தனித்தனியே ஓட்டிப் போகலாமே என்று கேட்பீர்கள். அபி இன்னும் லைசென்ஸ் எடுக்கவில்லை. வழியனுப்ப குட்மேய்ஸில் இருந்து வந்திருந்த ரவிக்கு, அதாவது வசந்தியின் தம்பிக்கு, மாலை ஷிப்ட். மேட்டில் இருந்து நடந்து இறங்க என் முழங்கால் விடாது. காரை இழுத்துக்கொண்டு போனால்தான் உண்டு.

இழுக்கப்படும் காரின் பின்விளக்குகள் மோட்டார்ஹோமின் சொல்லுக்கு ஆட வேண்டும். அதற்காக ஒரு கேபிள், மோட்டார்ஹோமின் பின்புறத்தில் இருந்து காரின் முன்பம்பருக்குக் கீழே உள்ள சொக்கெட்டுக்கு வருகிறது. அன்று காலை அதைச் செருகிவிட்டு நான் முன்னால் ஏறி விளக்குகளை ஒவ்வொன்றாகப் போட்டேன். அபி பின்னால் நின்று பார்த்தாள்.

"அப்பா, லெஃப்ட் இண்டிகேட்டர் போட்டா பிரேக் லைட்டும் சேர்ந்து மினுங்குது. எல்லாம் மங்கலாக் கிடக்கு."

பல்புகளைக் கழற்றிப் பார்த்தேன், நல்லவை. ஃபியூஸ் எதுவும் போகவில்லை. கேபிளில் பிழை இருக்கும் என்று பிடிவாதமாக இரண்டு மணி நேரத்தைத் தொலைத்தேன். இங்கேதான் உங்களுக்கு ஒரு புத்திமதி: ஒரு விளக்கைப் போட இன்னொன்றும் சேர்ந்து மினுங்கினால் பல்பை விட்டுவிட்டு முதலில் ஏர்த்தைப் பாருங்கள். போன மின்சாரம் திரும்பி வரும் வழி அது. அந்த வழி அடைபட்டால், மற்ற விளக்குகளுக்குள்ளால் சுற்றி வரப் பார்க்கும்.

ரவிதான் ஒரு தனி வயரை எடுத்து, ஒரு நுனியைக் காரின் இரும்பிலும் மறு நுனியை மோட்டார்ஹோமின் இரும்பிலும் கவ்வவிட்டான். உடனே எல்லா விளக்கும் பளிச்சென்று, ஒழுங்காக எரிந்தன. ஆகவே ஏர்த்தேதான். கேபிளைக் கழற்றி, காரின் சொக்கெட் மூடியைத் தூக்கி டோர்ச் அடித்தேன்.

உள்ளே சந்தனம் இருந்தது. காய்ந்து கல்லாகி, நடுவில் குங்குமம் கறுத்து, ஓரமெல்லாம் செம்பின் பச்சைக் களிம்பு. ஏழு துளைகளில் ஏர்த்துக்கு உரியது மூன்றாவது. அது முழுதாக அடைபட்டிருந்தது.

"அக்கா வச்சது" என்றான் ரவி. பூசையன்று அவனும் நின்றவன்.

ஐயர் தம் வேலையை முடித்துக்கொண்டு போன பிறகு, மிச்சச் சந்தனத்தை வசந்தி கையில் எடுத்தாள். சக்கரம், கண்ணாடி, கதவுப்பிடி என்று ஒன்றையும் விடவில்லை. "காருக்கு அம்மை போட்ட மாதிரிக் கிடக்கு" என்று நான் பகிடி பண்ணினேன். அவள் குனிந்து அந்த மூடியையும் தூக்கினாள். "இதுக்குள்ளாலதானே வெளிச்சம் வருது" என்று சொல்லி, கடைசிப் பொட்டை உள்ளே வைத்து அழுத்தினாள். காரில் மற்றப் பொட்டுகளை எல்லாம் லண்டன் மழை என்றோ கழுவிவிட்டது. மூடிக்குள் இருந்த இது மட்டும் தப்பியிருந்தது. அவள் விரல் பதிந்த குழிகூடத் தெரிந்தது.



"அத்தான், இதைத் தொடவேண்டாம். அந்த வயரையே இறுக்கிக் கட்டிக்கொண்டு போங்கோ" என்றான் ரவி. எனக்கும் அதுதான் ஆசை. அப்படியே செய்துவிடலாம் என்று வயரைக் கையில் எடுத்தும்விட்டேன். ஆனால் கவ்வி நிற்கும் வயர் 255 மைல் அதிர்வில் எங்கே கழலும் என்று யாருக்குத் தெரியும்? கழன்றால் முன்னால் இருக்கும் எனக்குத் தெரியாது. பின்னால் வருகிறவனுக்குத்தான், நான் பிரேக் பிடித்த பிறகு, தெரியும்.

"ஏலாதடா" என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, கை போகவில்லை.

அபி வீட்டுக்குள் போய் ஒரு வெள்ளைக் கடதாசி கொண்டுவந்து சொக்கெட்டுக்குக் கீழே பிடித்தாள். "சுரண்டுங்கோ அப்பா. லைட் எரியவேணும் எண்டுதானே அம்மா வச்சவா."

பல்லுக்குச்சியால் மெதுவாகச் சுரண்டினேன். அழுதுகொண்டுதான் சுரண்டினேன், இதில் மறைக்க என்ன இருக்கிறது? ரவி கார் சாமான் கடைக்குப் போய், மின்தொடுப்புச் சுத்தம் செய்யும் ஸ்பிரே ஒன்றை ஏழரைப் பவுணுக்கு வாங்கி வந்தான். அடித்து, சிறு பிரஷால் தேய்த்து, காயவிட்டோம். கடதாசியில் விழுந்த தூளை அபி மடித்து அஸ்திச் செப்புக்குள் வைத்தாள்.

தனி வயரை எடுத்துவிட்டுத் திரும்பவும் முன்னால் ஏறினேன். இடது, வலது, பிரேக்.

"எரியுது. ஓம், எரியுது" என்று பின்னால் இருந்து குரல் வந்தது. கராஜில் சோதித்த அன்று அந்த இடத்தில் நின்று இதையே சொன்னவள் வசந்தி. நான் பிரேக்கில் இருந்து காலை எடுக்கவில்லை.

"சரி அப்பா, காலை எடுங்கோ" என்றாள் அபி.

இரவு எட்டரைக்கு மேட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். காலையில் காரைக் கழற்றி, அந்த ஒடுங்கிய பாதையால் இறங்கினோம். கடல் அமைதியாக இருந்தது. சாம்பலும் சந்தனத் தூளும் சேர்ந்தே கரைந்தன.

நீங்களும் இப்படி ஒரு காரை இழுத்துக்கொண்டு போவதானால், புறப்படும் நாளில் அல்ல, முதல் நாளே விளக்குகளைச் சோதியுங்கள். பின்னால் நின்று பார்க்க ஓர் ஆள் வேண்டும். பூசை செய்வித்திருந்தால் சொக்கெட் மூடியைத் திறந்து பாருங்கள். நான் இப்போது மாதம் ஒருதரம் பார்க்கிறேன். ஏழு துளைகளும் சுத்தமாக இருக்கின்றன. அப்படித்தான் இருக்க வேண்டும். பார்க்கத்தான் பிடிக்கவில்லை.