மன்றாட்டுமாலை முடியும்வரை

அந்தமானில், பாம்பூஃப்ளாட்டில் எங்கள் வீட்டில், கடலுக்குப் போகும் கணவருக்காக, நானும் மகளும் தினமும் மாலையில் செபமாலை சொல்வோம். நடுவில் அசையக்கூடாது, பேசக்கூடாது. அது நான் போட்ட சட்டம். மீறினால் முதுகில் ஒன்று விழும்.

போன மழைக்காலத்தில் ஒரு நாள், நான்காம் வகுப்பு படிக்கும் மகளின் குரல் பின்னாலிருந்து கம்மியது. திரும்பிப் பார்க்காமலே, "சத்தமா சொல்லுடி" என்றேன். சத்தமாகச் சொன்னாள். செபமாலையின் கடைசியில் வரும் மன்றாட்டுமாலையும் முடிந்து நான் எழுந்த பிறகுதான், "மம்மி, கன்கஜூரா கடிச்சிருச்சு" என்றாள். பூரானுக்கு இங்கே எல்லோரும் சொல்லும் பெயர் அது. பாய்க்கு அடியிலிருந்து வந்திருக்கிறது. கால் வீங்கி, மூச்சும் இழுக்க ஆரம்பித்திருந்தது.

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக ஃபெர்ரியில் அவளை மடியில் போட்டுக்கொண்டு, "ஏன்டி அப்பவே சொல்லல?" என்று கேட்டேன்.

"செபத்துல பேசுனா அடிப்பீங்களே."

ஊசி போட்டுக் காப்பாற்றினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். "கடி வாங்கியும் செபத்த விடல பாருங்க. நல்லா வளத்திருக்கீங்க" என்றார்கள். சாமியார் பிரசங்கத்திலும் சொன்னார். அது பக்தியில்லை, என் கைக்குப் பயம் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. புகழை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

இப்போது பாயை உதறி விரிக்கிறேன். அவளை முன்னால் இருத்தி, நான் பின்னால் முழந்தாளிடுகிறேன். எப்போது வேண்டுமானாலும் பேசலாம், எழுந்திருக்கலாம் என்று சொல்லிவிட்டேன்.

அவள் இன்னும் அசைவதில்லை.