ஜப்பான்காரிக்கு ஒரு பேனர்

அவளை ஏதோ ஒரு பாட்டுக் கம்பெனிதான் இணையத்தில் கண்டுபிடித்தது என்று சொல்லிக்கொள்கிறார்கள். சுத்தப் பொய். அதற்கு வெகு காலம் முன்பே நான் கண்டுபிடித்துவிட்டேன். ரெட்டியார்பாளையத்தில் வீட்டு வாசலில் இட்லி மாவு விற்கிறவள் நான். கிரைண்டர் ஓடும்போது எந்தப் பாட்டும் காதில் விழாது. ஒருநாள் ஃபோன் தானாக எதையோ ஓடவிட்டது. பள்ளிக்கூடச் சீருடையில் ஒரு ஜப்பான் பெண், பின்னால் அழுக்குத் துணி மூட்டை, வாய் மட்டும் பட்டாசுச் சரம். கிரைண்டரையே தோற்கடித்தாள். அன்றே அவள் எனக்குச் செல்லமாகிவிட்டாள்.

அப்புறம் அவள் வளர்ந்த கதை முழுவதும் என் கண்ணெதிரே நடந்தது. கம்பெனி வந்தது, தலைமுடி நீலமாயிற்று, துணி மூட்டை காணாமல் போயிற்று, கார்ட்டூன் படத்துக்குப் பாடினாள். நடுவில் இழுத்து இழுத்து ஒரு சோகப் பாட்டுப் பாடியபோது எனக்குக் கோபம் வந்து, கொஞ்ச நாள் அவள் பக்கமே போகவில்லை. பாடுவதில் ஒரு வார்த்தைகூடப் புரியாதுதான். புரிந்து என்ன ஆகப்போகிறது? என் வீட்டுக்காரர் பேசுவதெல்லாம் புரிகிறதே, அதனால் என்ன லாபம்?

டோக்கியோவில் பெரிய அரங்கத்தில் அவள் முதன்முதலாகப் பாடப்போகிறாள் என்று தெரிந்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எங்கள் ஊரில் காது குத்தினால் பேனர், கடை திறந்தால் பேனர், வெளிநாடு போனவன் திரும்பி வந்தால் பேனர். என் செல்லத்துக்கு மட்டும் கூடாதா? அவள் படத்தை ஃபோனில் எடுத்துக்கொண்டு நேராகப் பேனர் கடைக்குப் போனேன்.

“வாழ்த்துறவங்க போட்டோ குடுங்கக்கா. அது இல்லாம நாங்க போடறதில்ல” என்றார் கடைக்காரர்.

குடும்பப் படத்தைக் கொடுத்தேன். அதில் நான் கண்ணை மூடியிருந்தேன், வீட்டுக்காரர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். ஒழுங்காகச் சிரித்தது என் மகன் மட்டும்தான். கடைக்காரர் அவனை மட்டும் வெட்டி எடுத்தார். சின்னதாகப் போட்டால் இடம் வீணாகிறதென்று அவள் உயரத்துக்கே அவனையும் பக்கத்தில் நிறுத்தி, சுற்றிலும் ரோஜாப்பூ தூவி, மேலே ‘வாழ்த்துகிறோம்’ என்று எழுதிவிட்டார். எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. தெருமுனையில் கட்டச் சொல்லிவிட்டு வந்து மாவு ஆட்டினேன்.

மகனுக்குக் கருவடிக்குப்பத்தில் பெண் பேசி, தட்டு மாற்ற நாளும் குறித்திருந்த நேரம் அது. அலைந்து திரிந்து கிடைத்த சம்பந்தம். பையனுக்கு அந்தப் பெண்ணை அவ்வளவு பிடித்திருந்தது. மாவு பாக்கெட்டைக்கூடச் சிரித்துக்கொண்டேதான் ஒட்டினான். பேனர் கட்டிய அன்று சாயங்காலமே பெண்ணின் அப்பா ஸ்கூட்டரை எங்கள் வாசலில் நிறுத்தினார். முகம் கொதித்துக்கொண்டிருந்தது.

“இன்னாம்மா இது? ஜப்பான்காரிய மருமகளா கூட்டியாந்துட்டு, எம்பொண்ணுக்கு எதுக்குத் தட்டு?”

“ஐயோ அண்ணே, அது பாட்டு பாடுற பொண்ணு. எம்புள்ளைய அவளுக்குத் தெரியவே தெரியாது.”

“தெரியாத பொண்ணு பக்கத்துல பூவெல்லாம் போட்டுக்கினு எதுக்கு நிக்கிறான்?”

மகன் உள்ளே பேயறைந்தவன் மாதிரி நின்றான். வாயால் சொல்லிப் பயனில்லை என்று ஃபோனை எடுத்து அவளுடைய வேகமான பாட்டு ஒன்றைப் போட்டுக் காட்டினேன். கேமராவுக்கு நேராக விரலை நீட்டி, கண்ணை உருட்டி, மூச்சு விடாமல் வெளுத்து வாங்கினாள். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முழுவதையும் பார்த்தார். முகம் மெல்லத் தெளிந்தது.

“இன்னாம்மா, இந்தத் திட்டு திட்டுது இந்தப் பொண்ணு! இதுகூட எவன் குடும்பம் நடத்துவான்? சரி சரி, பேனர அவுத்துடுங்க. நாங்க குறிச்ச நாள்ல வந்துடறோம்.”

திட்டா? அது திட்டா? அப்படி மூச்சடக்கிப் பாட இந்தப் பூமியில் வேறு எவளால் முடியும்? கேட்டுவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. யாருக்கும் ஒரு சொல் பாக்கி வைக்காதவள் நான். உள்ளே மகன் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தான்.

“ஆமாண்ணே, சரியான வாயாடி” என்றேன். சொல்வதற்கு முன்னால், அவள் முகம் தெரியாதபடி ஃபோனைக் கவிழ்த்து வைத்தேன்.