கற்றாழை கேட்காத தண்ணீர்

காத்தான்குடி வாவிக்கரையில் ஹவ்வா உம்மாவைப் போன்ற பிடிவாதக்காரி வேறொருத்தி இருந்ததில்லை. மூன்று கருக்கள் வயிற்றிலேயே கலைந்த பிறகும் பெற்றே தீருவேன் என்று நின்று ஸபூறாவைப் பெற்றாள். யுத்தத்துக்கு முந்திய வருடம், மாசி மாதக் காய்ச்சல் அந்த ஏழு வயதுப் பிள்ளையைக் கொண்டுபோய்விட்டது. காய்ச்சலுக்குக் கண் இருந்தால்தானே!

அந்த ஊரில் பெண்கள் மையவாடிக்குப் போவதில்லை. பிள்ளையை எங்கே அடக்கினார்கள் என்பதை ஆண்கள் வந்து சொல்லித்தான் தாய் அறியவேண்டும். அடக்கிய கபுறின் தலைமாட்டில் ஒரு பச்சைக் கொப்பு நடுவார்கள். அது பச்சையாக நிற்கும்வரை இறைவனைத் துதித்துக்கொண்டிருக்கும், உள்ளே கிடப்பவருக்கு அது ஆறுதல் என்பது நம்பிக்கை. ஹவ்வா உம்மா தன் முற்றத்துச் செவ்வரத்தைச் செடியில் ஒரு கொப்பை வெட்டிக் கொடுத்தாள். அது வேர் பிடித்துத் தளிர்த்தது. அன்றிலிருந்து விடிந்ததும் தன் கையாலேயே கிணற்றில் அள்ளி ஒரு குடம் நிரப்பி வைப்பாள். கணவர் இப்றாஹிம் தறிக்குப் போகுமுன் அதைக் கொண்டுபோய் ஊற்றுவார். பிள்ளைக்கு இன்னும் ஏதோ செய்கிறோம் என்ற நினைப்பில்தான் அவள் எழுந்து நடமாடினாள்.

ஆனியில் வெயில் கொளுத்தியது. கிணறு வற்ற வற்ற, வாவியின் உப்பு ஊறி உள்ளே வந்தது. குடிப்பதற்குப் பள்ளிவாசல் கிணற்றுத் தண்ணீர் எடுத்தார்கள். ஆனால் ஸபூறாவைக் குளிப்பாட்டிய வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை விட்டு வேறு தண்ணீர் அனுப்ப ஹவ்வா உம்மாவுக்கு மனம் வரவில்லை. அதே உப்பை உறிஞ்சிக்கொண்டுதானே முற்றத்துத் தென்னை குலை தள்ளி நிற்கிறது, செவ்வரத்தைக்கு மட்டும் என்ன வந்துவிடப்போகிறது?

வந்தது. தென்னையின் வேர் தாங்கும், செவ்வரத்தையின் வேர் தாங்காது. உப்பு சூழ்ந்துவிட்டால் அதனால் தண்ணீரை இழுக்க முடியாது. ஈர மண்ணில் நின்றபடியே தாகத்தில் காயும்.

"இல ஓரமெல்லாம் கருகுது புள்ள" என்றார் இப்றாஹிம்.

"தண்ணி போதல்ல போல. ரெண்டு குடமாக் கொண்டு போங்க."

இரண்டு குடமும் போயின. செடி செத்தது. அதைச் சுற்றி மணலில் வெள்ளையாக உப்புப் பூத்திருப்பதைப் பார்த்தபோதுதான் இப்றாஹிமுக்கு விளங்கியது. அந்த மனிதர் அதை வீட்டில் வந்து சொல்லாமல் இருந்திருக்கலாம். சொல்லிவிட்டார்.

"என்ட கையாலதானே" என்று ஹவ்வா உம்மா அன்று முழுதும் சோற்றைத் தொடவில்லை.

இனி நல்ல தண்ணீர்தான் போகவேண்டும் என்று முடிவெடுத்தாள். பள்ளிவாசல் கிணற்றுத் தண்ணீரை எடுப்பித்து, வடித்து, குடத்தில் நிரப்பிக் கொடுத்தாள். கொண்டுபோன குடத்தை இப்றாஹிம் அப்படியே திருப்பிக் கொண்டுவந்தார்.

"ஊத்தல்லயா?"

"கத்தாழ நட்டிட்டன் புள்ள. மழையில குடிச்சத மடலுக்குள்ள சேத்து வெச்சிக்கிட்டு, வெயில் காலம் முழுக்க அதிலயே அது இரிக்கும். இனி ஆரும் தண்ணி ஊத்தத் தேவல்ல. நீ கவலப்படாத."

ஆறுதல் என்று நினைத்துத்தான் சொன்னார், பாவம்.

ஹவ்வா உம்மா குடத்தை வாங்கி இடுப்பில் வைத்தாள். அதை எங்கே இறக்குவது என்று தெரியாதவள்போல் நின்றாள்.

"அப்ப என்ட புள்ளைக்கு நான் இனி ஒண்டும் செய்யத் தேவல்லயா?"

பிள்ளையின் மையத்து எடுத்த அன்றுகூட வாய்விட்டு அழாதவள், குசினி வாசலில் குந்தி ஓவென்று அழுதாள்.

கற்றாழை பக்கக் கன்றுகள் விட்டு அந்த இடத்தையே மூடிக்கொண்டு வளர்ந்தது. இப்றாஹிம் அதைச் சொல்லும்போதெல்லாம் "ஓம்" என்பாள். அதற்குமேல் ஒன்றும் கேட்கமாட்டாள்.