போர்வைக்குள் சூடு

அந்தக் கம்ப்யூட்டரின் மேல் கை வைத்ததும் சட்டென்று எடுத்துவிட்டேன். சூடாக இருந்தது. அத்தானை அடக்கம் செய்து ஒரு வாரத்திற்கு மேலாகியிருந்தது.

எண்பதுகளின் கடைசி. பண்டார் பாருவில் அக்கா வீடு. துக்க வீட்டில் டிவியைத் துணி போட்டு மூடுவது எங்கள் பக்கத்து வழக்கம். சாவு வீட்டுக்கு வந்த சொந்தக்காரப் பெண்கள் ஹாலில் இருந்த டிவியை மூடினார்கள். பின்னறையிலும் ஒரு கண்ணாடிப் பெட்டி இருக்கவே, அதுவும் டிவிதான் என்று நினைத்து அதன் மேலும் ஒரு போர்வையைப் போட்டுவிட்டார்கள். அது ஓடிக்கொண்டிருந்தது யாருக்கும் தெரியவில்லை. அத்தனை நாளும் கரண்ட் ஒரு முறைகூடப் போகாததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு முதுகு சிலிர்க்கிறது.

அத்தான் தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி. ஆபீஸ் கழித்துக்கட்டிய கம்ப்யூட்டரை வாங்கி வந்து, தோட்டத்துச் சிற்றாலயத்துக்குப் பாட்டு எழுதினார். பாடகர் குழுப் பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்க வராது. அதனால் தமிழ்ப் பாட்டை ஆங்கில எழுத்தில் தட்டி வைப்பார். ஈஸ்டருக்கு முந்தைய தபசு காலத்துக்கு அந்தப் பாட்டுகள் வேண்டுமென்று கோயிலில் கேட்க, அக்கா என்னைக் கூப்பிட்டார். ஒருமுறை பிரிண்டரில் சிக்கிய காகிதத்தைப் பிடுங்கி எடுத்ததற்காக, குடும்பமே எனக்குக் கம்ப்யூட்டர் நிபுணன் பட்டம் கொடுத்திருந்தது. நானும் மறுக்கவில்லை.

போர்வையை விலக்கினேன். கறுப்புத் திரையில் பச்சை எழுத்துகள். முடிக்காத ஒரு பாட்டு. கடைசி வரி, ‘விடியும்வரை உம் வாசலில் நான்’ என்பதோடு நின்றிருந்தது. அதற்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கோடு மினுக்கிக்கொண்டே இருந்தது, அடுத்த சொல்லுக்குக் காத்திருப்பதுபோல.

“அப்பதான்டா சாப்பிடக் கூப்பிட்டேன்” என்றார் அக்கா. “இதோ வரேன்னாரு. எந்திரிச்சாரு. அப்படியே சாஞ்சிட்டாரு.”

அந்தப் பாட்டை அத்தான் இன்னும் சேமித்திருக்கவில்லை. பெட்டி நின்றால் அந்த வரியும் போய்விடும். டிஸ்க் போடும் வாய் எப்போதோ பழுது. பாட்டுகளெல்லாம் பதிந்திருந்த உள்தட்டு வேறு முனகிக்கொண்டிருந்தது. டிஸ்க்கில் எடுக்க முடியாது என்பதால்தான் என் கம்ப்யூட்டரைக் காரில் ஏற்றி வந்து ஹாலில் வைத்து, பின்னறைக்கும் ஹாலுக்கும் தரையோடு கேபிள் இழுத்திருந்தேன். அதில் நானே இரண்டு முறை தடுக்கி விழுந்தேன். நிபுணன் என்றால் சும்மாவா?

வெளியே இடி இடித்தது. மழை மேகம் வீட்டையே இருட்டாக்கியது.

“கெடுத்து ரோசாக் ஆக்கிடாதடா தம்பி. அவரோட கடைசி வேல லா அது.”

“சும்மா இருங்கக்கா. எந்தப் பொத்தான்னு பாக்குறேன்.”

சேமிக்கும் பொத்தானை அழுத்தினேன். தட்டு நீளமாக ஒரு முனகல் முனகியது. பிறகு திரை அமைதியானது. சேமித்துவிட்டது.

பாட்டுகள் ஒவ்வொன்றாக ஹாலுக்குப் போகத் தொடங்கின. அத்தான் வைத்த பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரையில் ஏறின. பின்னறையிலிருந்து அவரே எடுத்து நீட்ட, ஹாலில் யாரோ வாங்கி வைப்பதுபோல இருந்தது. அக்கா பழைய பெட்டியின் மேல் கையை வைத்தபடியே நின்றார், காய்ச்சல்காரர் நெற்றியில் வைப்பதுபோல.

அக்காவும் பின்னால் வர, ஹாலுக்குப் போய், முடிக்காத அந்தப் பாட்டு முழுதாக வந்துவிட்டதா என்று பார்த்தேன். வந்திருந்தது. வாலை ஆட்டாமல் இருக்க என்னால் முடியுமா? “கடைசியில ‘காத்திருப்பேன்’னு போட்டு முடிச்சிரட்டுமா?” என்றேன்.

“கைய எடு. நீ என்ன உங்க அத்தானா?”

எடுத்துவிட்டேன். அக்கா பின்னறைக்குத் திரும்பினார். பெட்டியின் மேல் மறுபடி கை வைத்துப் பார்த்தார். பிறகு, “இப்ப அடைச்சிடு” என்றார். சுவிட்சை அடைத்தேன். பெட்டிக்குள் இருந்த விசிறியின் இரைச்சல் நின்றது. அதுவரை அப்படி ஓர் இரைச்சல் இருந்ததே அது நின்ற பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. அடக்கத்தன்று அழாத அக்கா அப்போதுதான் அழுதார்.

இப்போது என் பேத்தி ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குக் கேபிளே இல்லாமல் எதையும் அனுப்புகிறாள். எங்கே தடுக்கி விழுவது என்று தெரியாமல் நான் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் தபசு காலத்தில் அந்தச் சிற்றாலயத்துக்குப் போவேன். அத்தானைப் பார்த்தேயிராத பிள்ளைகள் அந்தப் பாட்டைப் பாடுகிறார்கள். ‘உம் வாசலில் நான்’ என்றதும் எல்லாரும் நிறுத்திவிடுகிறார்கள். யாரும் அடுத்த சொல்லைப் போடுவதில்லை. அந்த நிசப்தத்தில், எழுபது தாண்டிய அக்கா மட்டும் மெல்ல வாசல் பக்கம் திரும்பிப் பார்க்கிறார்.